கணுக்கால்

பள்ளிக்குக் கிளம்பிய ஜெனிட்டாவின் சுடிதார் கால், கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்பதை எஸ்தர் கவனித்தாள். குடலில் புண் கண்டதிலிருந்து இரண்டு வருடமாக வளர்த்தியே இல்லாத பிள்ளை. வேறொரு தாய் என்றால் பூரித்திருப்பாள். எஸ்தருக்குச் சந்தேகம் தட்டியது. தினமும் போடும் மாத்திரை புண்ணை ஆற்றும், ஆனால் வளர்ச்சியைப் பிடித்துவைக்கும் என்று டாக்டர் சொன்னபோது ஜெனிட்டாவும் பக்கத்தில்தான் நின்றாள்.

"ஏட்டி, மாத்திரைய முழுங்குதியா, துப்புதியா?"

"தெனமும் முழுங்கத்தானம்மா செய்யேன்."

எஸ்தர் நம்பவில்லை. தலையணை உறையை உதறினாள். குளியலறைச் சன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படாததாலேயே சந்தேகம் கூடியது. அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "மருந்த விட்டிருந்தா இவ வளர்ந்திருக்கவே மாட்டா. உள்ள புண்ணு இருந்தாலும் வளர்ச்சி நின்னுரும். இந்த வருஷம் ஆரம்பிச்ச ஊசி நல்லா கேக்குது, புண்ணு ஆறுது, அதான் வளர்றா. இனி அந்த மாத்திரைய கொஞ்சங்கொஞ்சமா கொறைச்சு நிறுத்திரலாம்."

எஸ்தருக்கு வெட்கமாகப் போயிற்று. மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஜெனிட்டா டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கே நிறுத்திட்டா இன்னும் வேகமா வளருவேனா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். "ஒரேயடியா நிறுத்தக் கூடாதும்மா, ஆபத்து."

"சரி டாக்டர்" என்று ஜெனிட்டா உடனே தலையாட்டினாள். எதற்கும் அவள் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டி எஸ்தர் பார்த்ததில்லை. தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.