கால்வாய்ப் பக்கம் ஒரு ஜன்னல்

கொத்தனார் சமையலறைச் சுவரிலிருந்து கடைசிச் செங்கல்லை உருவுகிறார். வெயில் குபுகுபுவென்று உள்ளே பாய்கிறது. சாயக்கழிவின் நாற்றத்துக்குப் பயந்து, இந்தத் தெருவே கால்வாய்க்கு முதுகைக் காட்டிக் கட்டப்பட்டது. இப்போது சாய ஆலைகளை மூடியாயிற்று, தண்ணீரும் தெளிந்துவிட்டது. ஆறு மாதமாக நச்சரித்து மருமகள் இந்த ஜன்னலுக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறாள். "நாத்தம் வந்துச்சோ, சாயங்காலமே அடைச்சிடுவேன்" என்பது மாமியாரின் நிபந்தனை. பழக்க தோஷம், மூவருமே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். "கையை எடுங்க அத்தை!" "நீ முதல்ல எடுடி!" கூரையில் நீரின் ஒளி நெளிகிறது. வெளியே ஒரு வாத்து கத்துகிறது. மாமியார் மெல்ல விரல்களைத் தளர்த்தி ஒருமுறை முகர்கிறாள். மறுமுறை நெஞ்சு நிறைய இழுக்கிறாள். மருமகள் பார்த்துக்கொண்டே நிற்க, மாமியார் கொத்தனார் பக்கம் திரும்புகிறாள். "கொத்தனாரே, இன்னும் ரெண்டு வரிசை எடுங்க. எதிர்க்கரை சரியாத் தெரியல."