கடைசிப் பெட்டி

சிலுவைராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரமாக வாசலில் நின்று துண்டு துண்டாகப் பார்த்த துப்பறியும் படம் அது. தென்னந்தோப்புத் தீவு, கடற்கரை பங்களா, அங்கே ஒரு கொலை. இன்றைக்குத்தான் மூணாறு எஸ்டேட் கிளப்புக்குள் உட்கார்ந்தே பார்க்கிறான். துப்பறிபவர் எல்லோரையும் கூடத்தில் நிறுத்திவைத்து, “கொலைகாரன்...” என்று விரலை நீட்டினார்.

திரை வெள்ளையாகிவிட்டது.

“படத்தைப் போடுங்கடா!” என்று கூட்டத்தோடு சேர்ந்து அவனும் பெஞ்சைத் தட்டினான்.

“சமையக்காரன்தான், பாருங்க” என்றாள் பெண்கள் வரிசையிலிருந்த புஷ்பமேரி.

“போ தாயி, டாக்டருதான். அவன் முழியே சரியில்ல. இவனுவ ஏன் நிறுத்திட்டானுவ?”

“ஒரே படத்தைத்தானே அண்ணே ரெண்டு கிளப்புலயும் ஓட்டுறாக! கீழ கிளப்புல ஓடி முடிஞ்ச ரீல் பெட்டி ஜீப்புல இங்க வரணும். அந்த டிரைவர் எங்க குடிச்சிட்டுக் கெடக்கானோ, கட்டையில போவான்!”

சிலுவைராஜின் கை பெஞ்சின் மேல் அப்படியே நின்றது. மெல்ல எழுந்தான்.

“எங்கண்ணே போறீக? கொலைகாரனைப் பாக்க வேண்டாமா?”

“கட்டையில போறவன் போனாத்தான் தாயி, கொலைகாரன் வருவான்!”

முந்தின பெட்டியை இறக்கிவிட்டு, ‘ஒரே ஒரு காட்சி’ என்று உட்கார்ந்துவிட்ட டிரைவர் சிலுவைராஜ், ஜீப்பை நோக்கி ஓடினான்.