வேர்க்கடலைப் பயணிகள்

மாலை வெளிச்சத்தில் சாப்பாட்டு மேசை மேல் வேர்க்கடலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன; ஒவ்வொன்றும் நாளைய வேனில் ஓர் ஆள். விடுதி அறைகளுக்காக நேற்று இதே மேசையில் குறட்டைச் சித்தப்பாவைத் தனியே ஒதுக்கி, முட்டிவலி அத்தையைக் கீழ்த்தளத்துக்கு இறக்கியாயிற்று. இப்போது வேன்காரர் போனில், “ஒரு சீட்டு உடைஞ்சிருக்கும்மா, ஒரு ஆளக் குறைச்சுக்கங்க” என்கிறார். அவள் விரல் ஒவ்வொரு கடலையாகத் தொட்டுத் தொட்டுப் பின்வாங்குகிறது. யாரை விட்டாலும் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. காதோர வியர்வையில் போன் வழுக்குகிறது. “லைன்ல இருக்கீங்களாம்மா?” பின்னாலிருந்து கணவனின் கை நீண்டு, ஜன்னலோரக் கடலை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறது. அவள் காலியான இடத்தையே பார்க்கிறாள். அவன் மெல்லுவதை நிறுத்துகிறான். “அய்யய்யோ, யாரத் தின்னுட்டேன்?” “உங்களத்தான்” என்கிறாள், பிறகு போனில், “குறைச்சாச்சுங்க.”