நீர்முள்ளிக்கு ஒரு வாளி

"தளக்... தளக்..."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நிறைவாளியைத் தூக்கிக்கொண்டு போகும் சத்தம். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆத்தப்பன் காதைத் தீட்டிக்கொண்டார். மூன்று நாளாக இதே மத்தியானம், இதே சத்தம்.

மண்ணரைப் பகுதியில் அவருடைய பனியன் கம்பெனிக்குக் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கொரு தரம் வந்தால் பெரிது. மற்றபடி லாரிதான். அதிலா கை வைக்கிறார்கள்?

கைகூடக் கழுவாமல் பின்கேட்டைத் திறந்தார். ராமாயி! கூட்டிப் பெருக்குவதற்கு ஆறு மாதம் முன்னால் சேர்ந்தவள்.

"ஏனம்மா, தொட்டித் தண்ணியை ஊட்டுக்குக் கடத்தறீங்களா?"

"அய்யோ, இல்லீங்க மொதலாளி."

"கையில வாளிய வெச்சுக்கிட்டே பொய்யா? நாளைல இருந்து வேலைக்கு வர வேண்டாம்."

ராமாயி வாளியை அவர் காலடியில் இறக்கி வைத்தாள். கலங்கல் தண்ணீர். மேலே நாலு சோற்றுப் பருக்கை, ஒரு கறிவேப்பிலை.

"எல்லாரும் டிபன் பாக்ஸ் கழுவி ஊத்தறதுங்க. சாக்கடைக்குத்தான போகுதுன்னு புடிச்சு வெச்சனுங்க."

ஆத்தப்பனுக்கு முகம் சுண்டியது. ஆனாலும் முதலாளி அல்லவா, அப்படியே திரும்பிப் போக முடியுமா?

"இதைக் கொண்டுபோயி என்ன பண்றீங்க?"

சுவரோரப் பள்ளத்தைக் காட்டினாள். சேற்றில் பத்துப் பன்னிரண்டு நீர்முள்ளிச் செடிகள். கணுவுக்குக் கணு முள்ளு, நடுவே ஊதாப் பூ. தேனீக்கள் மொய்த்தன.

"போயும் போயும் முள்ளுச் செடியா? அதுலயும் தழையெல்லாம் புழு தின்னு கெடக்குது!"

"அது திங்கத்தானுங்க வெச்சிருக்கறது. றெக்கைல மயில் கண்ணாட்டம் இருக்குமே, அந்தப் பட்டாம்பூச்சியோட குஞ்சுங்க. இந்தத் தழைதானுங்க அதுக்குச் சோறு."

"எங்கிருந்து கொண்டாந்தீங்க?"

"எங்க ஊட்டுக்கிட்ட குளத்துக்கரை பூராவும் இதுதானுங்க இருந்துச்சு. போன வருசம் குளத்தைக் காப்பாத்தறமுன்னு மஞ்சப் பனியன் போட்டுக்கிட்டு ஒரு கூட்டம் வந்துச்சு. ஜேசிபி உட்டு எல்லாத்தையும் வழிச்சுக் கொட்டிப்போட்டாங்க. அந்தக் குப்பையில வெதை பொறுக்கி வெச்சிருந்து இங்க போட்டனுங்க. மழை வந்து குளம் ரொம்புச்சுன்னா இதோட வெதைய மறுக்கா அங்கயே தூவியுட்ரலாம்."

"அவங்க மேல கோவம் வரலீங்களா?"

"அன்னிக்கு வந்துச்சுங்க. அப்பறம் நெனச்சுப் பாத்தேன். முள்ளைக் கண்டா யாருதான் புடுங்க மாட்டாங்க? நல்ல மனசோடதான் பண்ணியிருப்பாங்க, பாவம். யாருன்னும் தெரியாதுங்க."

அந்த முந்நூறு மஞ்சப் பனியனும் இதே கம்பெனியில் தைத்தவை. அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கரையில் நின்று ஜேசிபிக்குக் கொடி அசைத்தவர் ஆத்தப்பன்.

"நாளைக்கு வரட்டுங்களா மொதலாளி, வேண்டாமுங்களா?"

வரச் சொல்லித் தலையை மட்டும் ஆட்டினார். அதையும் அவள் முகம் பார்த்து ஆட்ட முடியவில்லை.

ராமாயி வாளியைத் தூக்கி, செடி செடியாக ஊற்ற ஆரம்பித்தாள்.