உறை பிரிக்காத ஹெல்மெட்

வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டின் அடியில் மாமாவின் பழைய ஐரோப்பிய மோட்டோகிராஸ் பைக், மேடுபள்ளத்தில் தாவி ஓட்டுகிற வகை, சாய்ந்து கிடக்கிறது. பின்சக்கரம் இன்னும் சுற்றுகிறது. எண்ணெய் கலந்த பெட்ரோல் எரிந்த நீலப் புகை மதிய வெயிலில் கலையாமல் நிற்கிறது. இரவு வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டில் பகலெல்லாம் தூங்குகிறவன் நான். அக்காவின் கணவர் மூன்று வருடமாக இந்தப் பைக்கைத் தட்டிக் கோத்துக்கொண்டிருந்தபோது, "பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க மாமா" என்று ஜன்னல் வழியாகக் கத்தியவனும் நான்தான். இன்று அவர் கடைக்குப் போன நேரத்தில் சும்மா உதைத்துப் பார்த்தேன். கிளம்பிவிட்டது, ஏறி மேட்டுக்கு விட்டேன். மேட்டின் உச்சியில் இரண்டு சக்கரமும் தரையை விட்ட நொடியில் வாய் தானாகச் சிரித்தது. இறங்கும்போது பழக்க தோஷத்தில் பிரேக் என்று வலது காலை அழுத்தினேன். இந்த வண்டியில் வலப்பக்கம் கியர், பிரேக் இடப்பக்கம். அது துள்ளி என்னை உதறிவிட்டது. இப்போது மாமா எதிரில் நிற்கிறார். கையில் உறை பிரிக்காத புது ஹெல்மெட். குனிந்து, டேங்கில் விழுந்த பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவுகிறார்.

"கை காலெல்லாம் இருக்கா?"

"இருக்கு மாமா."

"சாயங்காலம் முதல் தடவையா ஓட்டிப் பாக்கலாம்னு இருந்தேன்." நிமிர்ந்து மேட்டின் உச்சியைப் பார்க்கிறார். "மேட்டுல எப்படிடா இருந்துச்சு?"

"சுமார்தான்" என்கிறேன். அவர் என் முகத்தைப் பார்க்கிறார். அந்தச் சிரிப்பு அதில் இன்னும் அடங்கவில்லை.