வேலி தாண்டிய சாணி

மாட்டு வைத்தியர் தர்ஷிகா தயங்கித் தயங்கித்தான் வாயைத் திறந்தார்.

"அம்புறோஸ் அண்ணை, மனசைத் திடப்படுத்துங்கோ. பரிசோதனைக்கு நீங்கள் தந்த சாணியில குடல் நோய்க் கிருமி இருக்கு. இனி அந்த மாட்டை மற்ற மாடுகளோட விடக்கூடாது. தொத்திப்போடும்."

அம்புறோஸ் எலும்பும் தோலுமாய் நின்ற தன் மாட்டைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏனண்ணை சிரிக்கிறியள்?"

"மடு மாதாவாணை டொக்டர், அது என்ர மாட்டின்ர சாணியே இல்லை! இது மெலிஞ்சு கிடக்குது, நோயெண்டு வந்திடுமோ எண்ட பயத்தில, பக்கத்து வீட்டுப் பீற்றரின்ர கொழுத்த மாட்டின்ர சாணியை விடியக்காலமை களவா அள்ளித் தந்திட்டன்."

தர்ஷிகா திகைத்துப்போனார். "பீற்றர் தந்த சாணியில ஒரு கிருமியும் இல்லையே! அப்ப அவர் ஆரின்ர மாட்டுச் சாணியைத் தந்தவர்?"

வேலிக்கு மேலால் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பீற்றர் தலையைச் சொறிந்தான்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. என்ர மாடு கொஞ்ச நாளாத் தண்ணியாக் கழியுது. உங்கட மாட்டின்ர சாணிதான் பாக்க வடிவா இருந்தது."