முதலில் பேர், பிறகு கதை

"அழாதீங்கம்மா. அழுகையை எல்லாம் கோர்ட்டுக்கு மிச்சம் வைங்க" என்றார் வக்கீல். எதிரே உட்கார்ந்திருந்த பெண் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

வக்கீலுக்குக் கோர்ட் வட்டாரத்தில் 'விதி' என்று பட்டப்பெயர். வருஷா வருஷம் இளம் வக்கீல்களை உட்காரவைத்துத் தொழில் தர்மம் பற்றித் தொண்டை கிழியப் பேசுவார். "முதல்ல பேரைக் கேளு, அப்புறம் கதையைக் கேளு. எதிர்த்தரப்பு நமக்கு வேண்டியவங்களான்னு தெரியாம எதையும் காது கொடுத்துக் கேட்காதே!" என்று முந்தாநாள்கூட முழங்கிக் கைதட்டல் வாங்கியிருந்தார்.

"எனக்கில்ல சார், அக்கா மாதிரி பழகுற ஒருத்தங்களுக்கு. விவாகரத்து வேணுமாம். அக்கா பேரு—"

"பேரு எங்க ஓடிப் போயிடப் போவுது? விஷயத்துக்கு வாங்க. புருஷன் அடிக்கிறானா?"

"இல்ல சார். ஆனா அக்காவை ஒரு வாக்கியம்கூட முழுசா—"

"பேச விடமாட்டான். அதானே? கூட வாழறவளைப் பேச விடாதவன் எல்லாம் ஒரு மனுஷனாம்மா? வீடு யார் பேர்ல இருக்கு?"

"அக்கா பேர்லதான்."

"அப்புறம் என்ன யோசனை? அவன் பெட்டியைக் கட்டி வாசல்ல வைக்கச் சொல்லுங்க."

கைக்குட்டை மறுபடி முகத்துக்குப் போயிற்று. பாவம், அக்கா மேல் எவ்வளவு பாசம் என்று வக்கீலுக்கே மனசு இளகிவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வித்தை சொல்றேன், கேளுங்க. ஒருத்தர் தன் கேஸ் ரகசியத்தை ஒரு வக்கீல்கிட்ட சொல்லிட்டா, அந்த வக்கீல் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. அது விதி. இந்த ஊர்ல குடும்ப வழக்குக்குன்னு கெட்டிக்காரங்க என்னையும் சேர்த்து நாலஞ்சு பேர்தான். அக்காவை மத்தவங்க எல்லார்கிட்டயும் போய் ஒரு பாட்டம் பேசிட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் அந்தப் புருஷனுக்கு வக்கீலே கிடைக்கமாட்டான்!"

"அது தப்பில்லையா சார்?"

"விதியை மதிக்கிறது எப்படிம்மா தப்பாகும்?" என்று கடகடவென்று சிரித்தார். தொழில் தர்மத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர். குடித்தது எங்கே போயிற்று என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

"கவலையே படாதீங்க. இன்னிலேருந்து உங்க அக்கா என் கட்சிக்காரி. அவங்க ரகசியம் என் நெஞ்சோட இருக்கும்."

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி, "ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு—" என்று ஆரம்பித்தாள். "இன்னிக்கு எப்பேர்ப்பட்ட யோசனை சொன்னேன் தெரியுமா?" என்று அவர் ஆரம்பித்துத் தூங்கப் போகும்வரை நிறுத்தவில்லை. அவள் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

மறுவாரம் அவள் விவாகரத்து நோட்டீஸை நீட்டியபோது வக்கீலுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "என்கிட்டயேவா?" என்று போனை எடுத்து நண்பருக்குப் போட்டார்.

"மன்னிச்சுக்கப்பா. உன் வீட்டம்மா வந்து எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டாங்க. விதின்னு ஒண்ணு இருக்கே" என்றார் அந்த வக்கீல் நண்பர். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் இவருடைய சொற்பொழிவையே இவருக்குத் திருப்பி ஒப்பித்தார்.

வீடும் போய், மானமும் போய்விடும் போலிருந்தது. ஆனாலும் வக்கீல் குரலை இறக்கவில்லை.

"எவனும் வேண்டாம் போ! என் கேஸை நானே நடத்துறேன். இந்த ஊர்ல என்னை எதிர்த்து ஜெயிக்க—"

உள்ளேயிருந்து அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அதே பெண். தோள்கள் அன்று போலவே குலுங்கின. கையில் கைக்குட்டை இல்லாததால், அது அழுகை இல்லை என்று இன்றுதான் தெரிந்தது.

மனைவி முதல்முறையாகக் குறுக்கே பேசினாள்.

"அது முடியாதுங்க, நான் உங்க கட்சிக்காரியாச்சே!"